வாசகர் கேள்வி–பதில்: ஆலயக் கதவு வாரம் முழுவதும் திறந்திருக்கலாமா?

இங்கிலாந்தின் ஆலயங்கள் தங்கள் கட்டடத்தைப் பிறரோடு பகிர்ந்துகொள்வது குறித்தும், அங்கே நடைபெறும் சமூகப் பணிகள் குறித்தும் வந்த கடிதங்களில் ஏழு கேள்விகளுக்கு இவ்விதழில் பதில் தரப்படுகிறது.

மகனைப் பார்க்க லண்டன் சென்றிருந்தபோது, வெஸ்ட் ஹாம்ஸ்டெட் பகுதியில் ஓர் ஆலயத்துக்குள் தபால் நிலையமும் காபிக் கடையும் குழந்தைகள் விளையாடும் இடமும் இருக்கக் கண்டேன். ஞாயிறு ஆராதனையும் அதே கூரையின் கீழ்தான் நடக்கிறதாம். பரிசுத்த ஸ்தலத்தில் இதற்கெல்லாம் யார் அனுமதி கொடுத்தார்கள்?
— பணி நிறைவு பெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

தாங்கள் பார்த்தது புனித யாக்கோபு ஆலயமாக இருக்க வேண்டும். அப்பகுதியின் தபால் நிலையம் மூடப்படவிருந்த நிலையில், அதைத் தன் கூரையின் கீழ் ஏற்றுக்கொள்ள அந்தச் சபை முன்வந்தது; 2014-இல் 'ஷெரிஃப் சென்டர்' என்ற பெயரில் தபால் நிலையமும் காபிக் கடையும் அங்கே செயல்படத் தொடங்கின. இப்படிச் செய்த ஆலயம் அது ஒன்று மட்டும் இல்லை. ஹெரிஃபோர்டு நகரின் இடைக்கால ஆலயமான சகல பரிசுத்தவான்கள் ஆலயத்தில் 1997 முதல் ஓர் உணவகம் இயங்கி வருகிறது.

அனுமதி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். போதகரோ, சேகரம் எனப்படும் ஆலயப் பகுதியை நிர்வகிக்கும் குழுவோ தாமாக முடிவெடுத்து ஓர் இருக்கையைக்கூட அகற்றிவிட முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயக் கட்டடங்கள் ஏறத்தாழ 16,000. அவற்றுள் 12,000-க்கும் மேற்பட்டவை பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளன. இவற்றில் மாற்றம் செய்யத் திருச்சபைக்கென்றே தனிச் சட்ட முறை உண்டு. பல சேகரங்கள் அடங்கிய ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் சான்சலர் எனப்படும் நீதிபதி இருக்கிறார். அவரிடம் விண்ணப்பித்து 'ஃபேகல்டி' என்னும் உத்தரவைப் பெற வேண்டும். விண்ணப்பம் ஆலயத்தில் அறிவிப்பாக ஒட்டப்படும், சேகரத்தில் வசிப்பவர்கள் மறுப்புத் தெரிவிக்கலாம், விக்டோரியன் காலக் கட்டடக் கலையைக் காக்கும் சங்கங்கள் பலகை இருக்கைகளை அகற்றக் கூடாதென்று வாதாட வருவதும் வழக்கம். 2012-இல் டஃபீல்டு என்ற ஊரின் ஆலய வழக்கில், மேல் முறையீட்டை விசாரிக்கும் ஆர்ச்சஸ் நீதிமன்றம் இதற்கொரு வழிமுறையை வகுத்தது. மாற்றத்தால் கட்டடத்தின் சிறப்புக்கு எவ்வளவு கேடு விளையும், அந்தக் கேட்டை ஈடுசெய்யும் அளவுக்குப் பொதுநன்மை உண்டா, கேடு பெரிதானால் நன்மையும் அதற்கேற்ப அதிகமாக இருக்கிறதா என்றெல்லாம் நீதிபதி தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம்.

தங்கள் மனத்தை உறுத்துவது சட்டத்தைக் காட்டிலும் புனிதம்தான் என்று தோன்றுகிறது. அதற்குச் சரித்திரத்தில்தான் விடை தேட வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் ஆலயத்தின் கிழக்குப் பகுதியைப் பழுது பார்ப்பது குருவானவரின் பொறுப்பு. மக்கள் கூடும் நடுக்கூடம் சேகரத்தாரின் பொறுப்பு. செலவு யாருடையதோ அவர்களுக்கு அந்த இடத்தில் உரிமையும் இருந்தது. ஊர்க் கூட்டங்கள் அங்கே நடந்தன. ஆலயக் காப்பாளர்கள் பீர் காய்ச்சி விற்று, அந்தப் பணத்தை ஆலயத்துக்கும் ஏழைகளுக்கும் செலவழித்தார்கள். பெரும்பாலான ஆலயங்களில் அசையாத இருக்கைகளே அப்போது கிடையாது, மக்கள் நின்றபடிதான் வழிபட்டார்கள். கூடம் முழுவதையும் பலகை இருக்கைகளால் நிரப்பி, ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமே பயன்படும் இடமாக அதை மாற்றியதில் 19-ஆம் நூற்றாண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நாட்டுக்கு மிஷனரிமார் கொண்டுவந்த ஆலய ஒழுங்கும் ஏறத்தாழ அந்தக் காலத்தைச் சேர்ந்ததே. ஆகையால் நமக்கு அதுவே ஆதி முறை என்று தோன்றுவதில் வியப்பில்லை.

லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தை ஒட்டியுள்ள செயின்ட் மார்ட்டின் ஆலயத்தில் டிக்கெட் போட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். நிலவறையில் உணவகம் நடத்துகிறார்கள். வீடற்றோருக்கு உதவும் ஆலயம் என்றும் அதைச் சொல்கிறார்கள். இயேசு கவிழ்த்த காசுக்காரர்களின் பலகைகளை இவர்கள் மறுபடியும் நிமிர்த்தி வைத்துவிட்டார்களா?
— ஒரு வாசகி, சென்னை

கூர்மையான கேள்வி. ஆனால் அந்த ஆலயத்தின் வரலாற்றில் உணவகம் முதலில் வரவில்லை, வீடற்றோர்தான் முதலில் வந்தார்கள்.

ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1726-இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம் அது. 1914-ஆம் ஆண்டின் இறுதியில், முதல் உலகப் போர் தொடங்கிச் சில மாதங்களே ஆன நிலையில், டிக் ஷெப்பர்டு அங்கே போதகராகப் பொறுப்பேற்றார். பிரான்ஸ் போர்முனைக்குச் செல்பவர்களும் அங்கிருந்து திரும்புபவர்களுமான படைவீரர்கள் பக்கத்திலுள்ள சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் இரவு நேரங்களில் வந்து இறங்கினார்கள். தங்க இடமில்லாமல் தவித்தவர்களுக்காக அவர் ஆலயத்தையும் நிலவறையையும் திறந்து வைத்தார். எப்போதும் திறந்த கதவுள்ள ஆலயம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. போர் முடிந்த பிறகும் அவர் கதவை அடைக்கவில்லை. வேலையற்றோரும் வீடற்றோரும் அங்கே வந்தார்கள். 1924 ஜனவரி 6 அன்று பி.பி.சி. முதன்முதலாக ஓர் ஆலயத்திலிருந்து ஆராதனையை ஒலிபரப்பியபோது, தேர்ந்தெடுக்கப்பட்டதும் இந்த ஆலயமே. வானொலி வழியாக ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் ஏழைகளுக்காக நிதி கேட்கும் வழக்கம் 1920-களில் தொடங்கி இன்றளவும் தொடர்கிறது. இரண்டாம் உலகப் போரில் அந்த நிலவறை குண்டுவீச்சிலிருந்து மக்கள் பதுங்கும் இடமாயிற்று. வீட்டு வசதிக்காகப் போராடும் 'ஷெல்டர்' அமைப்பு 1966 டிசம்பர் 1 அன்று தொடங்கி வைக்கப்பட்டதும் இங்கேதான். சீனச் சபையொன்றும் பல்லாண்டுகளாக அதே வளாகத்தில் கூடி வருகிறது.

கச்சேரியும் உணவகமும் வணிக முயற்சிகளாக வளர்ந்தது 1980-களின் பிற்பகுதியில். சபையின் காணிக்கையைக் கொண்டு மட்டும் அத்தனை பெரிய கட்டடத்தைப் பராமரிக்கவும் முடியாது, அதன் பணிகளை நடத்தவும் முடியாது என்ற கணக்கே அதற்குக் காரணம். வணிகத்துக்குத் தனி நிறுவனம், வீடற்றோருக்கான பகல் நேர மையத்துக்குத் தனி அறக்கட்டளை, சபைக்குத் தனி நிர்வாகம் எனக் கணக்குகள் பிரித்தே வைக்கப்பட்டுள்ளன. 2008-இல் முடிவடைந்த புதுப்பிப்புக்கு 36 மில்லியன் பவுண்டு செலவாயிற்று. அதன் பயனாக நிலத்தடியில் புதிய இடங்கள் உருவாயின.

தாங்கள் குறிப்பிடும் வசனத்துக்கு வருகிறேன். இயேசு பலகைகளைக் கவிழ்த்த எருசலேம் தேவாலயப் பிராகாரத்தில் நடந்தது வெறும் விற்பனை என்று நான் படிக்கவில்லை. காசு மாற்றாமலும் புறா வாங்காமலும் ஏழை ஒருவன் வழிபாட்டை நெருங்க முடியாது என்ற நிலை அங்கே இருந்தது. ஆகவே, ஆலயத்துக்குள் விற்பனை நடக்கிறதா என்று பார்ப்பதைவிட, காசில்லாதவர் அங்கே வந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை என்பது என் கருத்து. செயின்ட் மார்ட்டினில் வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை. தெருவில் உறங்குபவருக்குக் குளிக்கவும் உடை துவைக்கவும் ஆலோசனை பெறவும் இடம் உண்டு. போதகரின் நிவாரண நிதி என்ற பெயரில் நடந்த திட்டம், வாடகை பாக்கியாலோ முன்பணம் கட்ட இயலாமலோ வீட்டை இழக்கும் நிலையிலுள்ளவர்களுக்குச் சமூகப் பணியாளர்கள் வழியாகச் சிறு தொகைகளை நாடு முழுவதும் வழங்கி வந்தது.

எனினும் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் உண்டு. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் கச்சேரியும் உணவகமும் நின்றுபோனபோது அவற்றின் வருமானமும் நின்றது. பணியாளர் பலர் வேலை இழந்தனர். சந்தையிலிருந்து வரும் பணத்தில் தருமம் செய்பவர்களுக்குச் சந்தை விழும்போது, உதவி தேடி வருபவர்கள் அதிகமாகும் அதே வேளையில், கை கட்டப்பட்டுவிடுகிறது. காணிக்கையை அறவே மறந்து வணிகத்தை நம்பலாம் என்று எண்ணும் எந்தச் சபையும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

எங்கள் தமிழ்ச் சபை பல ஆண்டுகளாக ஓர் ஆங்கிலேயச் சபையின் ஆலயத்தில் ஞாயிறு பிற்பகலில் ஆராதனை நடத்துகிறது. வாடகை உயர்ந்துகொண்டே போகிறது. சமையலறையைப் பயன்படுத்தினால் முகம் சுளிக்கிறார்கள். பண்டிகை நாட்களில் இடம் கிடைப்பதில்லை. சாவி எங்களிடம் இல்லை. நாங்கள் என்ன கேட்கலாம்?
— சபை மூப்பர் ஒருவர், லண்டன்

முதலில் உங்கள் கையில் என்ன தாள் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான தமிழ்ச் சபைகளிடம் இருப்பது 'லைசன்ஸ்' எனப்படும் பயன்பாட்டு அனுமதிதான். சிலவற்றிடம் முந்தைய போதகரின் வாய்மொழி மட்டும்தான் இருக்கிறது. ஆலயங்கள் குத்தகைக்குப் பதிலாக அனுமதியாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கோ சங்கத்துக்கோ குத்தகையாகக் கொடுத்தால், 1954-ஆம் ஆண்டின் நிலக்கிழார்–குத்தகைதாரர் சட்டம் குடியிருப்பவருக்குத் தொடர்ந்து இருக்கும் உரிமையைத் தந்துவிடக்கூடும். அவர்கள் அஞ்சுவது அதற்கே. உங்களை அவமதிக்கும் எண்ணம் என்று கொள்ள வேண்டியதில்லை.

நீங்கள் ஒரு நிலையான திருச்சபைப் பிரிவைச் சேர்ந்தவர்களாக இருந்தால், வாடகையாளர் நிலையைத் தாண்டிச் செல்ல ஒரு வழி இருக்கிறது. 1969-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆலயக் கட்டடங்களைப் பகிர்வதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. இங்கிலாந்துத் திருச்சபை, கத்தோலிக்கத் திருச்சபை, மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள் உட்பட அச்சட்டத்துக்குள் வரும் கிறிஸ்தவப் பிரிவுகள் ஒரே கட்டடத்தை முறைப்படி ஒப்பந்தம் செய்து பகிரலாம். உடைமை ஒரு தரப்பிடமே இருக்கலாம், அல்லது இரு தரப்புக்கும் பொதுவான அறங்காவலர்களிடம் இருக்கலாம். ஆராதனை நேரம், செலவுப் பங்கு, நிர்வாகம், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் முறை ஆகிய யாவும் எழுத்தில் வரும். இதற்குத் திருமண்டல அளவிலான சம்மதம் வேண்டும் என்பதால் காலம் பிடிக்கும்.

அது இயலாதென்றால், புதுப்பிக்கும்போது அனுமதித் தாளிலாவது சில விஷயங்களை எழுதி வாங்குங்கள். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, உயிர்த்த ஞாயிறு ஆகியவற்றின் நேரங்களை முந்தைய ஆண்டிலேயே இரு சபையாரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். வாடகை எதன் அடிப்படையில் உயர்கிறது என்று தெரிய வேண்டும். எரிவாயு, மின்சாரச் செலவைக் காட்டினால் யாரும் மறுக்கப் போவதில்லை. சாவி பெறுபவர் யார், அலாரத்துக்குப் பொறுப்பு யார், பாத்திரங்களை வைக்கப் பூட்டுள்ள அலமாரி உண்டா என்பன அற்பமாகத் தோன்றினாலும், மன வருத்தம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. சிறுவர் பாதுகாப்பு விதிகளில் உங்கள் தரப்பில் குறை வைக்காதீர்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குக் குற்றப் பின்னணிச் சான்று இல்லையென்றால், எந்தச் சபையும் இடம் தரத் தயங்குவது நியாயமே. இடம் மெதடிஸ்டு ஆலயமாக இருந்தால், மது, சூதாட்டம் தொடர்பான கட்டுப்பாடுகள் சொத்தின் அறக்கட்டளை விதிகளிலிருந்தே வருபவை; பரிசுக் குலுக்கல் நடத்துவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வழிபட்டும் இரு சபையாரும் ஒருவர் பெயரை ஒருவர் அறியாமல் இருப்பது, வாடகைத் தகராறைவிட வருந்தத்தக்கது. ஆண்டுக்குச் சில முறையாவது கூட்டு ஆராதனை நடத்தலாம். உங்கள் சபையிலிருந்து ஒருவரை அவர்களின் நிர்வாகக் கூட்டங்களுக்கு அழைக்கும்படி கேட்கலாம். ஆங்கிலேயச் சபைகள் பலவற்றில் முதியோரே மிகுதி, உங்கள் சபையிலோ குழந்தைகள் நிறைந்திருப்பார்கள். கூரை ஒழுகினால் வாளி வைக்கவாவது ஆள் வேண்டுமே என்பதை அவர்களும் அறிவார்கள்.

கிறிஸ்தவரல்லாதவர்கள் ஆலயத்தில் தங்கள் வழிபாட்டை நடத்த இடம் கேட்டால் கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

இங்கிலாந்துத் திருச்சபையைப் பொறுத்தவரை, பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்துக்குள் இயலாது. 2015-இல் லண்டன் ஆலயம் ஒன்றில் இஸ்லாமியத் தொழுகை நடந்தபோது சர்ச்சை எழுந்து, அதன் போதகர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் கிறிஸ்தவப் பிரிவுகளுக்கு மட்டுமே உரியது. சேகர மண்டபத்தில் நடக்கும் சமூக நிகழ்ச்சிகள், மொழி வகுப்புகள், உணவு வழங்கல் போன்றவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது. அங்கே எல்லாச் சமயத்தவரும் வந்து போகிறார்கள்.

ஆலயங்களில் நடக்கும் உணவு வங்கி எப்படி இயங்குகிறது? உணவு பெற ஜெபிக்க வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

ஜெபம் நிபந்தனை இல்லை. 1997-இல் தொடங்கப்பட்ட டிரஸ்ஸல் அறக்கட்டளை 2000-இல் சாலிஸ்பரியில் தன் முதல் உணவு வங்கியைத் திறந்தது. அதன் வலையமைப்பைச் சேர்ந்த மையங்களில் மிகப் பல ஆலயக் கட்டடங்களிலேயே நடைபெறுகின்றன. மருத்துவர், சமூக நலப் பணியாளர், குடிமக்கள் ஆலோசனை மையம் போன்றோர் தேவையை விசாரித்து ஒரு சீட்டுத் தருவார்கள். அதைக் காட்டினால் குறைந்தது மூன்று நாட்களுக்குப் போதுமான, எளிதில் கெடாத உணவுப் பொருள்கள் கிடைக்கும். பொருள்கள் பெரும்பாலும் மக்கள் நன்கொடையாகத் தருபவை. 2023–24-இல் மட்டும் அந்த வலையமைப்பு 31 லட்சத்துக்கும் மேற்பட்ட பொதிகளை வழங்கியது. உலகின் செல்வ நாடுகளில் ஒன்றில் இத்தனை பேர் ஆலய வாசலில் அரிசிக்கும் மாவுக்கும் நிற்கிறார்கள் என்பது திருச்சபைக்குப் பெருமை சேர்க்கும் செய்தியன்று என்பதை, அந்தப் பணியில் ஈடுபட்டவர்களே உரக்கச் சொல்லி வருகிறார்கள்.

குளிர்கால இரவுத் தங்குமிடம் என்ற இன்னொரு முறையும் உண்டு. ஒரு பகுதியிலுள்ள ஏழு ஆலயங்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் வாரத்தில் ஓர் இரவை ஏற்றுக்கொள்ளும். வீடற்றோர் திங்களன்று ஒரு மண்டபத்திலும் செவ்வாயன்று அடுத்ததிலும் உண்டு உறங்குவார்கள். தனியொரு சபையால் ஏழு இரவும் நடத்த இயலாத பணி இப்படிப் பிரிக்கும்போது இயல்வதாகிறது. ஆனால் உடைமைகளைச் சுமந்துகொண்டு நாள்தோறும் இடம் மாறுவது தங்குபவருக்குக் கடினம். பெருந்தொற்றுக்குப் பின், ஒரே கூடத்தில் பலர் படுப்பதைத் தவிர்த்துத் தனி அறைகளை நாடும் போக்கு வளர்ந்துள்ளது. 2022-இன் குளிர்காலத்தில் எரிபொருள் விலை ஏறியபோது, வீட்டில் சூடேற்ற வசதியில்லாதவர்கள் பகல் பொழுதைக் கழிக்க வரலாம் என்று ஆயிரக்கணக்கான இடங்கள் அறிவித்தன. அவற்றில் ஆலயங்களும் நூலகங்களும் ஏராளம்.

திருவனந்தபுரம் அருகே தும்பாவில் மீனவர்கள் தங்கள் ஆலயத்தை ராக்கெட் தளத்துக்குக் கொடுத்தார்களே, அதையும் இந்த வகையில் சேர்க்கலாமா?
— ஒரு வாசகி, நாகர்கோவில்

சேர்க்க மாட்டேன், அது பகிர்வைவிடப் பெரியது, அதனாலேயே வேறு வகையானது. புவி காந்த நடுக்கோடு அருகில் செல்வதால் தும்பாவைத் தேர்ந்தெடுத்த விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவைச் சந்தித்துக் கேட்டார், ஆயர் ஞாயிறு வழிபாட்டில் மக்கள் முன் வைத்தார், மக்கள் இசைந்தார்கள். மரிய மதலேனா ஆலயமும் ஆயர் இல்லமும் விஞ்ஞானிகளின் பணியிடமாயின. இராமேசுவரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும் அவர்களுள் ஒருவர். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டது. ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சபை அங்கே திரும்பவில்லை; ஊர் மக்கள் வேறிடம் சென்று, வேறு ஆலயத்தில் வழிபட வேண்டியதாயிற்று. கட்டடத்தைப் பகிரும் சபை தன் இடத்தில் தங்கியிருந்து, வந்தவரோடு அன்றாடம் முகம் பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் சிரமம் வேறு.

எங்கள் சேகரத்தில் ஆலயமும் மண்டபமும் ஞாயிறு தவிர மற்ற நாட்களில் பூட்டியே கிடக்கின்றன. நாங்களும் ஏதாவது செய்யலாமா? எங்கே தொடங்குவது?
— வாலிபர் சங்கச் செயலர், மார்த்தாண்டம்

செய்யலாம். ஆலய வளாகத்தில் ஊராருக்குச் சோறு போடும் அசனப் பண்டிகை நம் தென்பகுதிச் சபைகளுக்குப் பழக்கமானதே. பிற சமயத்தவரும் பந்தியில் அமர்வதை எவரும் குறை சொல்வதில்லை. ஆண்டில் ஒரு நாள் நடப்பதை வாரத்தில் ஒரு நாளாக நீட்டுவதுதான் நீங்கள் கேட்பது.

இங்கிலாந்தில் நடந்ததிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை சில உண்டு. ஆராதனை நடக்கும் இடத்தை விட்டுவிட்டு மண்டபத்தில் தொடங்குங்கள். சபையின் முதியவர்கள் அதற்கு எளிதில் இசைவார்கள். அங்கே பழைய ஆலயங்கள் பலவற்றில் குழாயும் கழிப்பறையும் இருந்ததில்லை; ஆகையால் பகிரத் தீர்மானித்த சபைகள் முதலில் கட்டியது கழிப்பறையையும் சிறு சமையலறையையும்தான். உங்கள் மண்டபத்துக்கும் அதையே முதலில் பாருங்கள், முதியவரும் சக்கர நாற்காலியில் வருபவரும் பயன்படுத்தும்படி சரிவுப் பாதையும் வேண்டும். எந்தப் பணி என்பதை நீங்களே தீர்மானிக்காமல், அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியரையும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் கேளுங்கள். மாலையில் படிக்க இடமில்லாத மாணவர்கள், பகலில் தனித்திருக்கும் முதியோர், வேலைக்கு வந்துள்ள வட மாநிலத் தொழிலாளர் ஆகியோருள் யாருடைய தேவை உங்கள் ஊரில் அதிகமென்று அவர்களுக்குத் தெரியும்.

சட்டப் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. தென்னிந்தியத் திருச்சபையின் சொத்துகள் பொதுவாகத் திருச்சபையின் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் உள்ளன. சேகரக் கமிட்டி அதன் பராமரிப்பாளரே அன்றி உடைமையாளர் இல்லை. மண்டபத்தைச் சில மணி நேரம் பயன்படுத்த விடுவது கமிட்டித் தீர்மானத்தோடு முடியும். வெளி அமைப்பொன்றுக்கு நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுப்பதென்றால் திருமண்டல அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். தீர்மானத்தை ஆறு மாதச் சோதனையாக நிறைவேற்றுங்கள். மின்கட்டணம் எந்தக் கணக்கில், துப்புரவு யார் பொறுப்பு, திருமணத்துக்கு மண்டபம் கேட்கப்படும் நாளில் மாணவர்கள் எங்கே உட்காருவார்கள் என்ற மூன்றுக்கும் அந்தத் தீர்மானத்திலேயே விடை எழுதி வைத்துவிடுங்கள்.